ஏழாம் சுற்று

க்ரிம்ஸ்பியில் வியாழன் மாலை.
சாரணர் கொட்டகைக் கதவு இன்னும்
தோளால் இடித்தால்தான் திறக்கிறது.
முப்பத்தொரு வருடம் கழித்து வருகிறேன்.
தோளுக்கு நினைவிருந்தது.

அதே ஹீட்டர், அதே இருமல்.
நான்கு மேசைகளை ஒட்டிப் போட்டு
பச்சைத் துணி விரித்து
அடியில் தடிப் புத்தகம் செருகினால் குன்று.
நீலக் கீற்று ஒன்று நதி.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பிய்த்து
நாங்கள் நட்ட காடு
ஓர் இலை உதிர்க்காமல் நிற்கிறது.

டென்ஸிலுக்கு இப்போது இரண்டு கண்ணாடி:
எதிரியைப் பார்க்க ஒன்று,
விதிப்புத்தகம் பார்க்க ஒன்று.
ஹெட்லி பகடை உருட்டினால்
இன்றைக்கும் ஒன்றுதான் விழுகிறது.
சொன்ன பேச்சு கேட்காத நாயைத் திட்டுவதுபோல்
அதைத் திட்டுகிறான்,
பிறகு ஊதி, தடவி, சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான்.

எட்மண்ட் பிப்ரவரியில் போய்விட்டான்.
அவன் மனைவி தோரா
நான்கு பிஸ்கட் டப்பாக்களோடு வந்தாள்.
கொட்டகைக்குள் இதுவே முதல் தடவை.
"வியாழன் என்றால் வீடு முழுக்க எனக்கே," என்றாள்.
"இப்போது ஏழு நாளும் வியாழன்."
ஹெட்லி அவளுக்குத் தேநீர் போடப் போனான்,
சர்க்கரை எத்தனை என்று கேட்காமலே.

பஞ்சுக்குள் ஆஸ்திரியக் காலாட்படை.
விரல்கணு உயரம், வளைந்த துப்பாக்கிமுனைகள்.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
பக்கத்து மேசையில் பிளாஸ்டிக் அரக்கர்களோடு இருந்த பையன்
எழுந்து வந்தான், ஒன்றை உள்ளங்கையில் வைத்தான்,
இளிக்கவில்லை.
"இவ்வளவு கனமா?" என்றான்.

ஒவ்வொருவன் காலடியிலும் பென்சில் எழுத்து.
"ஹெட்லிக்கு எதிராக, 1989. ஓடினான்."
"டென்ஸில் மிதித்தான். ஒட்டியாயிற்று."
"தேநீரில் விழுந்தவன். துணிச்சல்காரன்."
ஒரு முரசுக்காரன் மட்டும்
பேயைக் கண்டதுபோல் முழித்துக்கொண்டிருந்தான்.
பதினாறு வயதில் நான் தீட்டிய கண்கள்.
கொட்டகையில் ஒரே பெண் அப்போது நான்;
கை நடுங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.
திருப்பிப் பார்த்தேன்:
"கடன். கேட்டால் கொடு."

கேட்க நான் வரவில்லையே.
ஆறாம் சுற்றில் காவலாளி விளக்கை அணைத்தார்.
மீதியை அடுத்த வியாழன் என்றோம்.
அடுத்த வியாழன் எனக்கு
மீன் துண்டுகளுக்கு ரொட்டித்தூள் பூசும் ஆலையில் இரவு ஷிப்ட்.
பிறகு எல்லா வியாழனும்.

டப்பாவின் அடியில் எட்மண்டின் நோட்டு.
யார் எங்கே நின்றார்கள் என்று
அங்குலக் கணக்கில் எழுதியிருந்தான்.
பாலத்திலிருந்து நாலு. மர வேலியிலிருந்து ஒன்றரை.
என் குதிரைப்படை பக்கத்தில் ஒரு குறிப்பு:
"அவசரப்படுவாள்."
டேப்பை இழுத்து, குனிந்து, முழங்கால் முறிய
ஆளுக்கொரு மூலையில் அடுக்கினோம்.
தொண்ணூற்று மூன்றாம் வருடத்து அக்டோபர்
மேசைமேல் எழுந்து நின்றது.

ஏழாம் சுற்றில்
பன்னிரண்டு பேர் துணைக்கு வர வேண்டும்.
நாலாவது டப்பாவில் இருந்தார்கள்,
அடிப்பூச்சுக் கறுப்போடு,
முகமில்லாமல்.
டென்ஸில் கண்ணாடி மாற்றினான்:
"வண்ணம் தீட்டாதவன் களத்தில் இறங்கக்கூடாது.
விதி எழுதியதே எட்மண்ட்தான்."
யாரும் பேசவில்லை. ஹீட்டர் இருமியது.

"கோட்டு என்ன நிறம்?" என்றாள் தோரா.
"வெள்ளை," என்றோம் எல்லோரும்.
கறுப்பின்மேல் வெள்ளை மூன்று பூச்சாவது கேட்கும்,
நல்ல வெளிச்சம் கேட்கும், பொறுமை கேட்கும்.
தொப்பி எப்படியும் கறுப்புதான், அது மிச்சம்.
அவள் தன் கோட்டைக் கழற்றி
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
பையன் தன் தூரிகைகளைக் கொண்டுவந்தான்.

அன்றிரவு ஒரு குண்டும் வெடிக்கவில்லை.
குன்றின்மேல் ஹெட்லியின் பிரெஞ்சுக்காரர்கள்
பீரங்கியோடு எங்களைப் பார்த்தபடி நின்றார்கள்.
பேருந்தில் திரும்பும்போது
கட்டைவிரலில் வெள்ளை காய்ந்திருந்தது.
சட்டைப்பையில் முரசுக்காரன், எதற்கோ
இன்னும் முழித்துக்கொண்டு.